இரண்டு டூ-இன்-ஒன் லேப்டாப்புகள், எதை வாங்குவது? ஒரு முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பாகவும் டேப்லெட்டாகவும் மாறும் டூ-இன்-ஒன் வாங்கலாம் என்று பத்துப் பதினைந்து மாடல்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. இரண்டிலும் புதிய ப்ராசஸர், 16 ஜிபி ரேம், தொடுதிரை, பேனாவில் எழுதும் வசதி. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பலர் வாரக்கணக்கில் தவிப்பது இந்த இடத்தில்தான். விவரப் பட்டியல்களை அருகருகே வைத்துக்கொண்டு, எந்த ப்ராசஸர் சோதனையில் எத்தனை மதிப்பெண் வாங்கியது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்ட இரண்டு இயந்திரங்களுக்கு இடையே ப்ராசஸர் அநேகமாக எதையும் தீர்த்துவைக்காது என்பது என் கருத்து. வாங்கிய பிறகு உங்களால் மாற்றவே முடியாதவைதான் தீர்த்துவைக்கும்: எடை, திரையின் வடிவம், கீல், பேனாவின் தொழில்நுட்பம், போர்டில் பற்றவைக்கப்பட்ட ரேம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. ப்ராசஸரைப் பற்றி மட்டும் படிக்க வந்தவர்கள் ஐந்தாவது படிக்குத் தாவிவிடலாம்; ஆனால் அங்கேயும் நான் அதிகம் பேசப்போவதில்லை.

முதல் படி: மடக்கி வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

இரண்டு மாடல்களையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் சாதாரண வாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கீபோர்டு வேண்டாம், திரை மட்டும் போதும் என்று தோன்றும் நேரங்கள் எவை? வகுப்பில் கையால் குறிப்பெடுப்பதா, பிடிஎஃப் கோப்புகளில் திருத்தம் குறிப்பதா, படம் வரைவதா, சாய்ந்துகொண்டு படிப்பதா, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தோராயமாக எழுதுங்கள்.

பட்டியலில் சினிமா பார்ப்பது மட்டும்தான் தேறுகிறது என்றால், உங்களுக்கு டூ-இன்-ஒன் தேவையே இல்லை. அதே பணத்துக்குக் கிடைக்கும் சாதாரண லேப்டாப்பில் கூடுதல் சேமிப்போ, பெரிய பேட்டரியோ, எடை குறைந்த உடலோ கிடைக்க வாய்ப்பு அதிகம். திரையைக் கூடாரம்போல் நிறுத்திப் படம் பார்ப்பது முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். அதற்குப் பிறகு யாரும் நிறுத்துவதில்லை.

பேனா வேலை அதிகம் என்றால் நான்காவது படிதான் உங்களுக்கு முக்கியம். படிப்பது அதிகம் என்றால் இரண்டாவதும் மூன்றாவதும். வேலை எல்லாம் தட்டச்சுதான், எப்போதாவது மடக்குவேன் என்பவர்கள் கீபோர்டையும் பேட்டரியையும் கவனித்தால் போதும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

இரண்டாவது படி: உடலமைப்பு, எடை, கீல்

சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகைகள். ஒன்று, திரை முழுதாகப் பின்பக்கம் சுழன்று 360 டிகிரி மடங்குவது. 2012-இல் வந்த லெனோவோ யோகா பிரபலமாக்கிய வடிவம். ஹெச்பியின் எக்ஸ்360, டெல்லின் டூ-இன்-ஒன், ஏசரின் ஸ்பின், சாம்சங்கின் கேலக்ஸி புக் 360 எல்லாம் இந்தக் குடும்பம். மற்றொன்று, கீபோர்டு தனியே கழன்று வருவது; மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோ இதற்கு முன்னுதாரணம். சர்ஃபேஸ் லேப்டாப் ஸ்டூடியோ போலத் திரையை முன்பக்கம் இழுத்துச் சாய்க்கும் மூன்றாவது வகையும் உண்டு. ஆனால் அதில் தேர்வுகள் மிகக் குறைவு.

உங்கள் இரண்டு மாடல்களும் வெவ்வேறு வகை என்றால், போட்டி பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். 14 அங்குலத்தில் மடங்கும் லேப்டாப்புகள் பொதுவாக 1.3 முதல் 1.6 கிலோ வரை எடையுள்ளவை. மடக்கினாலும் அந்த எடை எங்கும் போகாது. பேட்டரி, கீபோர்டு, விசிறி எல்லாவற்றையும் சேர்த்தேதான் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2024-இல் வந்த 13 அங்குல சர்ஃபேஸ் ப்ரோ கீபோர்டு இல்லாமல் 895 கிராம். இந்த அரைக் கிலோ வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். நின்றுகொண்டு ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் எழுதும்போது தெரியும் அதன் அளவு. வார்டில் நடந்தபடியே குறிப்பெழுதும் மருத்துவர், கட்டடத் தளத்தில் வரைபடம் பார்க்கும் பொறியாளர் போன்றவர்களுக்கு மடங்கும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேசைமேல் தட்டையாக வைத்து எழுதுகிற மாணவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை.

கழன்று வரும் வகையின் பலவீனம் மடியில் தெரியும். திரையின் முதுகில் இருக்கும் தாங்கியை விரித்து வைக்க நீளமான இடம் வேண்டும். குட்டையான கால்கள் உள்ளவர்களுக்குத் தாங்கி முழங்கால் விளிம்பில் போய் நிற்கும். பஸ்ஸிலும் ரயிலிலும் மடியில் வைத்து நிறையத் தட்டச்சு செய்பவர் இதைக் கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். கூச்சப்படாமல் மடியில் வைத்து ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள். விற்பனையாளர் ஒன்றும் சொல்லமாட்டார்.

மடங்கும் வகைக்கும் ஒரு அசௌகரியம் உண்டு. டேப்லெட்டாக மடக்கியதும் கீபோர்டு பின்பக்கம் வந்துவிடும். விசைகள் தாமாகவே செயலிழந்துவிடும் என்றாலும் விரல்கள் அவற்றின் மேல்தான் அழுந்திக்கொண்டிருக்கும். சிலருக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும், சிலருக்குக் கடைசிவரை உறுத்தும். 2013-இல் வந்த திங்க்பேட் யோகாவில், மடக்கும்போது விசைகளைச் சுற்றியுள்ள சட்டம் மேலெழும்பி விசைகளைப் பூட்டிவிடும் அமைப்பு இருந்தது. அருமையான யோசனை, எல்லோரும் அதைப் பின்பற்றியிருக்கலாம்.

இரண்டுமே மடங்கும் வகை என்றால் கீலைச் சோதியுங்கள். லேப்டாப் நிலையில் திறந்து வைத்து, திரையின் மேல் மூலையில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். ஆட்டம் ஒரு நொடிக்குள் அடங்க வேண்டும். ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருந்தால், தொடுதிரையில் ஒவ்வொரு பொத்தானைத் தொடும்போதும் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அடுத்து, ஒரே கையால் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பாகமும் கூடவே எழும்பினால் கீல் இறுக்கம். மடக்கு லேப்டாப்பில் அது குறையே இல்லை. லேசாகத் திறந்துகொள்கிற கீலுக்குத்தான் பயப்பட வேண்டும். கடைசியாக, முழுதாக மடக்கி இரண்டு தகடுகளுக்கும் இடையே பாருங்கள். விளிம்பெங்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விலகி நின்றால் அந்தக் குறிப்பிட்ட பெட்டியை வாங்காதீர்கள்.

மூன்றாவது படி: திரையின் வடிவம்

எல்லோரும் அங்குலத்தைப் பார்க்கிறார்கள். டூ-இன்-ஒன்னில் அதைவிட முக்கியமானது திரையின் நீள அகல விகிதம். பழைய 16:9 விகிதம் படம் பார்க்க ஏற்றது. இப்போது பரவலாக வருவது 16:10. சர்ஃபேஸ் வரிசையும் வேறு சில மாடல்களும் 3:2. ஏ4 தாளின் விகிதம் 1.41. அதற்கு மிக நெருக்கமாக வருவது 1.5 ஆகிய 3:2. 16:10 என்பது 1.6, 16:9 என்பது 1.78.

சென்டிமீட்டரில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டேப்லெட்டைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு ஏ4 பக்கத்தைத் திரை முழுக்க விரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குல 16:10 திரையின் அகலம் 18.8 சென்டிமீட்டர்; அசல் தாள் 21 சென்டிமீட்டர் என்பதால் பக்கம் சுமார் 90 சதவீத அளவில் தெரியும். 13 அங்குல 3:2 திரையின் அகலம் 18.3 சென்டிமீட்டர், பக்கம் 87 சதவீத அளவில் தெரியும். ஒரு அங்குலம் சிறிய திரை, அரைக் கிலோ குறைந்த எடை, ஆனால் எழுத்தின் அளவில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 13.3 அங்குல 16:9 திரையிலோ அகலம் 16.6 சென்டிமீட்டர்தான், பக்கம் 79 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும், மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெற்றுக் கறுப்புப் பட்டை நிற்கும். படிக்கவும் எழுதவும் வாங்குபவர்களின் இரண்டு மாடல்களில் ஒன்று 16:9 என்றால், அதை இப்போதே கழித்துவிடலாம்.

பிக்சல் எண்ணிக்கையில் பெரிய போட்டி தேவையில்லை. 14 அங்குலத்தில் 1920×1200 என்றால் அங்குலத்துக்கு சுமார் 162 புள்ளிகள். 2880×1800 என்றால் 243. தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆங்கிலம் படிப்பவர்களைவிடச் சற்று அதிகமாகத் தெரியும். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும், ணகர னகரங்களின் சுழிகளும் மங்காமல் நிற்பது கூர்மையான திரையில்தான். ஆனால் அந்தக் கூர்மைக்காக பேட்டரி கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தை 'நிட்' என்ற அலகில் சொல்வார்கள். அறைக்குள் 300 நிட் போதும். ஜன்னலோரத்திலும் வெளியிலும் வேலை என்றால் 400-க்குக் குறையாமல் பாருங்கள். டூ-இன்-ஒன் திரைகள் அநேகமாக எல்லாமே பளபளக்கும் கண்ணாடி. பின்னாலிருக்கும் விளக்கும் உங்கள் முகமும் அதில் தெரியும். இரண்டில் ஒன்றில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் அதற்குத் தாராளமாக மதிப்புக் கொடுங்கள்.

ஓலெட் திரையா, பின்னொளியில் இயங்கும் ஐபிஎஸ் திரையா என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் நாள் முழுவதும் ஆவணம் பார்ப்பவருக்கு அது மின்சாரத்தை அதிகம் தின்னும். பல ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்குகின்றன. சிலருக்கு அதனால் தலைவலி வருகிறது. அந்த வகையில் நீங்கள் சேர்ந்தவரா என்பதைக் கண்டுபிடிக்க, வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து அரைமணி நேரம் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுதுவதற்கும் படிப்பதற்கும் நான் ஐபிஎஸ் பக்கம். படம் பார்ப்பதற்கும் வண்ண வேலைக்கும் ஓலெட்.

நான்காவது படி: பேனா

விவரப் பட்டியல் மிகக் குறைவாகச் சொல்வது பேனாவைப் பற்றித்தான். "பேனா ஆதரவு உண்டு" என்ற ஒரே வரிக்குள் நான்கு வெவ்வேறு தொழில்நுட்பங்கள் ஒளிந்திருக்கலாம்.

முதலாவது மைக்ரோசாஃப்டின் எம்பிபி. என்-ட்ரிக் என்ற நிறுவனத்திடமிருந்து 2015-இல் வாங்கிய தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. சர்ஃபேஸிலும், ஹெச்பி உட்படப் பல நிறுவனங்களின் மாடல்களிலும் இதுதான். இரண்டாவது, டிஜிட்டல் பேனாக்கள் செய்யும் வாகோம் நிறுவனத்தின் ஏஇஎஸ். திங்க்பேட் வரிசையில் நிறையப் பார்க்கலாம். இந்த இரண்டுக்கும் பேனாவுக்குள் பேட்டரி வேண்டும். மூன்றாவது வாகோமின் இஎம்ஆர். சாம்சங்கின் எஸ் பென் இந்த வகை. இதற்கு பேட்டரியே வேண்டாம், திரைக்குப் பின்னால் உள்ள பலகையிலிருந்து மின்காந்த அலை மூலம் சக்தி எடுத்துக்கொள்ளும். நான்காவது யூஎஸ்ஐ, பெரும்பாலும் குரோம்புக்குகளில்.

ஒரு வகைப் பேனா இன்னொரு வகைத் திரையில் எழுதாது. எம்பிபி, ஏஇஎஸ் இரண்டுக்கும் பொதுவான பேனாக்கள் சில உண்டு. ஆப்பிள் பென்சில் இவற்றில் எதிலும் வேலை செய்யாது. உங்கள் இரண்டு மாடல்களும் எந்த வகை என்று கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள். பேனா தொலைந்தால் மாற்று எளிதில் கிடைக்கிறதா என்பதும் இதைப் பொறுத்ததுதான். பேனாக்கள் தொலையும், அதில் சந்தேகமே வேண்டாம்.

4096 அழுத்த நிலைகள் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். கிட்டத்தட்ட எல்லாப் பேனாக்களும் அதைத்தான் சொல்கின்றன. கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் வேறு.

ஒரு அளவுகோலைக் கொண்டு போங்கள். திரைமேல் சாய்வாக வைத்து, அதன் விளிம்பையொட்டி மிக மெதுவாக, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எந்தத் திரையிலும் கோடு நேராகத்தான் வரும். குட்டு வெளிப்படுவது மெதுவாக இழுக்கும்போதுதான். அளவுகோல் நேராக இருக்க, திரையில் விழும் கோடு அலையலையாக நெளிந்தால், சிறிய எழுத்தில் எழுதும்போது உங்கள் கையெழுத்தும் அப்படித்தான் கோணும். ஓவியருக்கு இது ஒன்றே போதும், அந்த மாடலை நிராகரிக்க.

அடுத்து, பேனாவின் எடை மட்டும் திரைமேல் இருக்கும்படி, அழுத்தாமல் ஒரு கோடு போடுங்கள். கோடு விழாவிட்டால் எழுதும்போது எழுத்தின் தொடக்கங்கள் காணாமல் போகும். தமிழில் எழுதிப் பார்த்தால் இது சீக்கிரம் பிடிபடும்: மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வையுங்கள். வேகமாக எழுதிக்கொண்டே போகும்போது பத்துப் புள்ளிகளில் இரண்டு மூன்று விழவில்லை என்றால், அந்தத் திரையில் தமிழ்க் குறிப்பெடுப்பது தினசரித் தொல்லை.

மூன்றாவது, உள்ளங்கையைத் திரைமேல் நன்றாக ஊன்றி அரைப்பக்கம் எழுதுங்கள். கை பட்ட இடத்தில் தேவையில்லாத கோடுகளோ, பக்கம் தானாக நகர்வதோ இருக்கக் கூடாது. பேனாமுனைக்கும் மை விழும் இடத்துக்கும் இடையே கண்ணாடித் தடிமன் தெரிகிறதா என்றும் பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள்.

கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதிக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், விளம்பரத்தை நம்பாமல் நீங்கள் பயன்படுத்தப்போகும் செயலியிலேயே தமிழில் எழுதிச் சோதியுங்கள். ஆங்கிலத்தில் அழகாக வேலை செய்வதைக் காட்டி விற்றுவிடுவார்கள்.

பேனாவை எங்கே வைப்பது? உடலுக்குள்ளேயே செருகி வைக்கும் இடம் இருந்தால் அது பெரிய வரம். காந்தத்தில் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் பேனா பைக்குள் போனதும் கழன்றுவிடும். பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது படியில் அது தேவைப்படும்.

ஐந்தாவது படி: உள்ளே இருப்பவை

ரேம் அநேகமாக எல்லா டூ-இன்-ஒன்களிலும் போர்டில் பற்றவைக்கப்பட்டே வருகிறது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் ப்ராசஸரோடு ஒரே பொதியில் இருக்கும். 32 ஜிபிக்கு மேல் கிடையாது. எனவே வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசிவரை. 16 ஜிபிக்குக் கீழே போகவேண்டாம். ஒன்றில் 16, மற்றொன்றில் 32 இருந்து, நீங்கள் காணொளித் தொகுப்போ நிரலாக்கமோ செய்பவர் என்றால் அந்த வித்தியாசம் ப்ராசஸர் வித்தியாசத்தைவிடப் பெரியது.

சேமிப்பகம் மாற்றக்கூடியதா என்று பாருங்கள். மாற்றலாம் என்றால் சிறிய அளவோடு வாங்கிப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். 13 அங்குல சர்ஃபேஸ் ப்ரோவில் எஸ்எஸ்டியை மாற்ற முடியும், ஆனால் அது 2230 என்ற குட்டி அளவு (22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம்). மடங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் 2280 அல்லது 2242. மலிவான மாடல்களில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற, போர்டிலேயே பதிக்கப்பட்ட சேமிப்பகம் என்று போட்டிருந்தால் விலகிவிடுங்கள். அது மெதுவானது, மாற்றவும் முடியாது.

ப்ராசஸருக்கு வருவோம். இன்டெல், ஏஎம்டி இரண்டில் எது என்று நாள்கணக்கில் யோசிப்பது வீண். ஒரே ப்ராசஸர் இரண்டு உடல்களில் இரண்டு விதமாக ஓடும்; மெல்லிய உடலில் சூடு வெளியேறாததால் முதல் ஒரு நிமிடம் பாய்ந்துவிட்டுப் பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விமர்சனங்களில் ஒரே சோதனையைத் தொடர்ச்சியாகப் பலமுறை ஓட்டிக் காட்டிய வரைபடம் இருந்தால் அதைப் பாருங்கள். ஒருமுறை ஓட்டிய மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

உண்மையில் யோசிக்க வேண்டிய ஒரே இடம் குவால்காம் ஸ்னாப்டிராகன். 2024 ஜூனில் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை பேட்டரியிலும் குளிர்ச்சியிலும் நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆர்ம் வகை; இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களிலிருந்து வேறுபட்ட அமைப்பு. இன்டெலுக்காக எழுதிய பெரும்பாலான செயலிகளை விண்டோஸ் மொழிமாற்றி ஓட்டிவிடும். வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்பச் சாவி, சில விபிஎன் மென்பொருள்கள், ஏமாற்றுத் தடுப்பு உள்ள சில விளையாட்டுகள் இதில் தடுக்கும். நீங்கள் தினமும் திறக்கும் செயலிகளையும் செருகும் கருவிகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் பதிப்போ டிரைவரோ இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். அலுவலகக் கணினி என்றால் தகவல் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆறாவது படி: பேட்டரியும் துளைகளும்

"18 மணி நேரம்" என்ற அறிவிப்பு பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து ஒரே காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டி அளந்தது. நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் கொடுக்கப்பட்டிருக்கும். மின்னஞ்சல், பிரவுசர், ஆவணம் என்ற சாதாரண வேலைக்கு மெல்லிய லேப்டாப் ஒன்று 6 முதல் 10 வாட் எடுக்கும் என்று கொண்டால், 70 வாட்-மணி பேட்டரி 7 முதல் கிட்டத்தட்ட 12 மணி நேரம் நிற்கும். கழன்று வரும் வகையில் வழக்கமான 50 வாட்-மணி, 5 முதல் 8 மணி. ஸ்னாப்டிராகனிலும் கோர் அல்ட்ரா 200வி-யிலும் செலவு இதைவிடக் குறையலாம்.

யூஎஸ்பி-சி துளைகள் இரண்டு பக்கமும் இருந்தால் நல்லது. சுவரில் பிளக் எந்தப் பக்கம் என்று நாம் தீர்மானிப்பதில்லை. எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் ஒன்றல்ல. சிலவற்றில் வெளித்திரை இணைக்க முடியாது. தண்டர்போல்ட் 4 அல்லது யூஎஸ்பி4 என்று இருந்தால் கவலை இல்லை. சர்ஃபேஸ் ப்ரோவின் புதிய மாடல்களில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. ஒயர் ஹெட்ஃபோன் பயன்படுத்துபவர் கவனிக்க.

ஏழாவது படி: கீபோர்டு, விசிறி

இவை விரைவாக முடியும். இரண்டிலும் ஒரே பத்தியைத் தட்டச்சு செய்து, எதில் பிழை குறைவு என்று எண்ணுங்கள். கழன்று வரும் கீபோர்டின் நடுவில் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு வளைகிறது என்று. விசிறிச் சத்தம் கடையின் இரைச்சலில் கேட்காது; அதற்கு விமர்சனக் காணொளிகள்தான் கதி. டேப்லெட்டாகப் பிடிக்கும்போது காற்று வெளியேறும் துளைகளை உங்கள் கை அடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது படி: மொத்தச் செலவு

விலைச் சீட்டில் இருப்பது லேப்டாப்பின் விலை. கழன்று வரும் வகையில் கீபோர்டும் பேனாவும் தனி விலையில் வருவது வழக்கம். இரண்டையும் கூட்டினால் மலிவாகத் தெரிந்த மாடல் சட்டென்று விலை உயர்ந்ததாகிவிடும். இரண்டு மாடல்களுக்கும் ஒரே பட்டியல் போடுங்கள்: இயந்திரம், கீபோர்டு, பேனா, மாற்று முனைகள், யூஎஸ்பி ஹப், உறை, கூடுதல் உத்தரவாதம்.

உத்தரவாதத்தில் தவறுதலாகக் கீழே விழுந்தால் திரை மாற்றித் தரும் பிரிவு உண்டா என்று கேளுங்கள். சாதாரண லேப்டாப்புக்கு அது ஆடம்பரம். கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கருவிக்கு அப்படியில்லை. தொடுகண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்வார்கள்.

இரண்டில் ஒன்று பழையது, கைமாறி வருவது என்றால் இன்னும் இரண்டு விஷயங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே விண்டோஸ் 11-ஐ ஏற்கும் இயந்திரமாக இருக்க வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ. மற்றொன்று பேட்டரி அறிக்கை. விண்டோஸில் உள்ளேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. புதிதாக இருந்தபோதைய கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் காட்டும். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஒன்பதாவது படி: முடிவெடுத்தல்

ஒவ்வொரு அம்சத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணையை நான் நம்புவதில்லை. பேனாவில் தோற்ற மாடல், ஒலிபெருக்கியிலும் கேமராவிலும் சேர்த்த சில்லறை மதிப்பெண்களால் ஜெயித்துவிடும். அதற்குப் பதில் முதல் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். அதிக மணி நேரம் பிடித்த வேலை எதுவோ, அதில் எது தோற்கிறதோ அதை நீக்குங்கள். அங்கே இரண்டும் சமம் என்றால் மட்டும் அடுத்த வேலைக்கு இறங்குங்கள்.

வாரத்தில் 12 மணி நேரம் பிடிஎஃப் படித்துக் குறிப்பெழுதும் ஆய்வு மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 13 அங்குலம், 3:2, 895 கிராம், கழன்று வருவது. மறுபக்கம் 14 அங்குல ஓலெட், 16:10, 1.4 கிலோ, மடங்குவது. பக்கத்தின் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, முதலாவதன் எடை மற்றதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு; முதலாவதுதான். அதே மாணவி ஆய்வேட்டை எழுதும் கட்டத்துக்கு வந்து, ரயிலில் மடியில் வைத்து தினமும் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்கிறார் என்றால் என் பதில் இரண்டாவதற்கு மாறிவிடும், முதலாவது ஆர்ம் ப்ராசஸர் கொண்டதாக இருந்து, அவருடைய செயலிகளில் ஒன்று அதில் ஓடாது என்றாலும் இதே மாற்றம்தான். இரண்டுமே ஒரே வகை, ஒரே அளவு, ஒரே பேனாத் தொழில்நுட்பம் என்றால், உங்கள் ஊரில் பழுதுபார்ப்பு மையம் உள்ள நிறுவனத்தின் மாடலை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, பெட்டியையும் பொதிகளையும் அதுவரை எறியாமல் வையுங்கள். முதல் நாளே முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களைத் திரை நிறையப் போட்டு இறந்த பிக்சல்களைத் தேடுங்கள். இருட்டறையில் கறுப்புப் படம் போட்டால் ஐபிஎஸ் திரையின் மூலைகளில் ஒளி கசிகிறதா என்பதும் தெரியும். அளவுகோல் சோதனையைத் திரையின் நான்கு மூலைகளிலும் செய்யுங்கள். கடையில் வைத்திருந்த மாதிரியில் கோடு நேராக விழுந்தது என்பதால் உங்களுடையதிலும் விழும் என்று உறுதியில்லை. தூக்க நிலையில் வைத்து இரவு முழுவதும் விட்டு, காலையில் பேட்டரி எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு மேல் குறைந்தால் கணினியின் அடிப்படை மென்பொருளான பயோஸையும் டிரைவர்களையும் புதுப்பித்து மறுநாள் இரவும் சோதியுங்கள்; அப்போதும் குறைந்தால், காலக்கெடு முடிவதற்குள் பெட்டியோடு கடைக்குப் போய்விடுங்கள்.